ஜெராக்ஸ் அக்காவின் கையெழுத்து

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?"

ஜெராக்ஸ் அக்கா அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். கடைக்கு வரும் எல்லோரிடமும் அவர் கேட்பது. ஆளை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிடும். அவள் அதே கட்டடத்தின் மாடியில், சிறுவர் புத்தகம் போடும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து அன்றைக்கு நாலாவது நாள்.

"ஒரு பக்கம்," என்றாள்.

"பின்னாடி?"

"வெள்ளையா விட்டுடுங்க."

அக்கா தாள்களைப் புரட்டினார். "நாப்பது தாள் இருக்கு. நாப்பதுக்கும் முதுகு வெள்ளையா? காகிதம் என்ன மரத்துலயா காய்க்குது?" என்றவர் ஒரு நொடி நின்று, "மரத்துலேருந்துதான் வருதுன்னு சொல்லிடாதீங்க," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் புது ஆட்களிடம் சிரிப்பதற்கு அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். "பிள்ளைங்க வெட்டுற பக்கம் இது. பின்னாடி எதுவும் இருக்கக் கூடாது."

"இருந்தா?"

"முன்னாடி இருக்கிற யானையை வெட்டினா, பின்னாடி இருக்கிற குதிரைக்குத் தலை போயிடும்."

"அடப் பாவமே!" அக்காவுக்குக் குதிரை மேல் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது. "சரி, வெட்டி என்ன செய்யணும்?"

"ஒட்டி நிக்க வெக்கணும். எப்படின்னு அதுலயே எழுதியிருக்கு."

அக்கா முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து உரக்கப் படித்தார். "'இரு முனைகளையும் ஒன்றோடொன்று பொருந்துமாறு இணைத்து ஒட்டவும்.' எந்த முனை? யானைக்கு நாலு கால், ஒரு தும்பிக்கை, ஒரு வாலு. நான் எண்ணினதுலயே ஆறு முனை இருக்கு."

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ரெண்டு காது."

"எட்டு," என்றார் அக்கா. "நீ வெளியே வா. காதைப் பத்தி உனக்கு அப்புறம் சொல்றேன்."

மூக்கில் மைப்பொடி அப்பிய ஒரு சிறுமி தவழ்ந்து வெளியே வந்தாள். நாலு வயது இருக்கும். "இது எங்க வாலு. பேரு வேற இருக்கு, அதைச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப மாட்டா. இதை யாரு எழுதினது?"

"நான்தான்."

"பிள்ளை இருக்கா உங்களுக்கு?"

"கல்யாணமே ஆகல."

"அதான பாத்தேன்! பிள்ளை பெத்தவ எவளும் 'பொருந்துமாறு'ன்னு எழுத மாட்டா. அதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பிள்ளை பசையைத் தின்னு முடிச்சிருக்கும். எனக்கும் சேர்த்து ஒரு செட்டு எடுத்துக்கிறேன் டீச்சர். இவளை வெச்சுப் பண்ணிப் பாத்துட்டு சொல்றேன்."

அவள் டீச்சர் இல்லை. அதைத் திருத்தவும் இல்லை. அன்றிலிருந்து அந்தக் கடைக்கு அவள் டீச்சர்தான்.

இரண்டு நாள் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றின் வெள்ளை முதுகிலும் அக்கா பேனாவால் எழுதியிருந்தார். 'யானை நிக்கல. உக்காந்துச்சு. வாலுக்கு அதுவே பிடிச்சிருக்கு.' 'இங்க ரெண்டு கை போதாது, மூணாவது கை வேணும்.' 'கடைசி வரியை முதல்ல சொல்லியிருக்கலாம்ல?' படிக்கப் படிக்க அவளுக்கு முகம் சுட்டது. இரண்டு மொழிகளில் படித்தவள், இரண்டிலும் பிழையில்லாமல் எழுதுகிறவள் என்றுதான் அவளை வேலைக்கே எடுத்திருந்தார்கள். அந்த இரண்டு மொழிகளாலும் ஒரு யானையை நிற்க வைக்க முடியவில்லை.

தாள்களைப் பதிப்பாளரிடம் கொண்டுபோய் வைத்தாள். எல்லோருக்கும் அவர் சார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜை முழுக்கத் தேடுகிற மனிதர். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதம். எந்தப் புத்தகமும் ஒரு வீட்டில், ஒரு பிள்ளையின் கையில் செய்து பார்க்காமல் அச்சுக்குப் போகக் கூடாது. எழுதியவரும் பக்கத்தில் இருக்கலாம். வாயை மட்டும் திறக்கக் கூடாது. "புத்தகத்தோட நீயும் வீடு வீடாப் போகப் போறியாம்மா? தாள்ல இருக்கிறதுதான் பேசணும்," என்பார். அதுவரை அவருடைய தங்கை பிள்ளைகளை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அக்காவின் குறிப்புகளைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தவர், "இந்த அம்மாவையே பிடி," என்றார்.

இப்படித்தான் சனிக்கிழமைப் பிற்பகல்கள் தொடங்கின. கடைக்கு அரை நாள் விடுமுறை. கடையின் பின்சந்தில் அக்காவின் வீடு: ஒரு அறை, ஒரு சமையலறை. அக்காவின் கணவர் பார்சல் வேன் ஓட்டுகிறவர். சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்க மாட்டார். அறையில் ஒரு கட்டில், ஒரு பீரோ. மிச்ச இடமெல்லாம் அட்டைப்பெட்டி. மைப்பொடி வந்த நீளப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி ஒரு ரயில்; என்ஜினில் வாலு உட்கார இடம். கடையில் குத்து இயந்திரம் கக்குகிற வட்டத் துகள்கள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய. பொம்மைகளுக்கு அதுதான் சோறு, மழைக் காலத்தில் அதுதான் மழை. ஸ்பைரல் பைண்டிங்கில் வெட்டிப் போடும் துண்டுச் சுருள்கள் பாம்பு. லேமினேஷன் ஓரங்கள் மீன். தண்ணீர் வாளியில் போட்டால் ஊறாமல் மிதக்கும்.

அவள் அங்கே மிகவும் விரும்பிப் பார்த்தது ஒரு புத்தகத்தை. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அக்கா, நகல் இயந்திரத்தின் கண்ணாடி மேல் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக வைத்து நகல் எடுத்திருந்தார். சீப்பு, சாவிக்கொத்து, கரண்டி, கணவரின் கைக்கடிகாரம், வாலுவின் சின்னக் கால்சட்டை, கடைசிப் பக்கத்தில் வாலுவின் உள்ளங்கை. எல்லாம் கறுப்பு வெள்ளையில், நிஜ அளவில், இருட்டிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல். வாலு எழுத்துக் கூட்டப் பழகியது அதில்தான். சாமான் தொலைந்துபோனால் புத்தகத்தைத் திறந்து, "இது ஓடிப்போச்சு, இதோ போட்டோ," என்று தேடுவாளாம்.

செய்து பார்க்கும் நேரத்தில் அவள் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் கையைக் கோத்துக்கொள்வாள். வாய் திறக்காமல் இருப்பது அவளுக்குக் கை வந்த கலை. அக்கா தாளைப் படிப்பார், படித்ததை அப்படியே செய்வார், கூடுதலாக ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார். 'முட்டை அட்டையை வரிசையாக வெட்டவும்' என்றால் வெட்டிவிட்டு, அடுத்த வரி வரும்வரை கத்தரிக்கோலைப் பிடித்தபடியே இருப்பார். "கீழ வைக்கச் சொல்லலியே," என்பார்.

கம்பளிப்பூச்சி செய்த அன்றைக்கு வாலு கண்களைக் கொண்டுபோய் வால் முனையில் ஒட்டினாள்.

"ஏன்டி அங்க?"

"பின்னாடி யாரு வராங்கன்னு பாக்க வேணாமா?"

"அப்ப முன்னாடி போய் முட்டிக்கிட்டா?"

"முட்டிக்கட்டும். மூக்கு இல்லல்ல."

சுவரோரத்து ஸ்டூலிலிருந்து சிரிப்பு வெடித்தது. "டீச்சர் வாயைத் திறந்துட்டாங்க! அவுட்டு!" என்று வாலு குதித்தாள். அன்று அவள் அந்த வீட்டில் தேநீர் குடித்துவிட்டு, மூன்றாம் வகுப்பு வரைக்கும் பள்ளியில் தான் பேசவே பேசாமல் இருந்ததையும், தன்னை ஊமை என்று நினைத்த ஒரு வாத்தியாரைப் பற்றியும் சொன்னாள். வேறு யாரிடமும் அதைச் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

முடிவில் அக்கா ஒரு தாளில் குறிப்புகளை எழுதி, கீழே கையெழுத்துப் போடுவார். பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு இழுத்து, அதன் கீழே இரண்டு புள்ளி. அந்தத் தாளைப் பக்கங்களின் கட்டோடு சேர்த்துப் பின் குத்தினால்தான் சார் அச்சுக்கு அனுப்புவார். ஒன்றரை வருடத்தில் ஏழு புத்தகங்கள் அந்தக் கையெழுத்தோடு போயின. ஏழிலும் யானை நின்றது.

எட்டாவது புத்தகம் அட்டை ஊர். வெட்டி மடித்து ஒட்டினால் ஒரு தெருவே எழுந்து நிற்கும்: பள்ளிக்கூடம், தபால் நிலையம், தையல் கடை, பேருந்து, மரங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் பெற்றோர் படித்துக் காட்ட ஒரு குட்டிக் கதை, இரண்டு மொழியிலும். கதைகள் அவள் எழுதியவை. வெட்டுகிற பக்கங்களுக்கெல்லாம் முதுகு வெள்ளை. அக்கா வீட்டில் மூன்று சனிக்கிழமை செய்து பார்த்தார்கள். கட்டிலுக்கடியில் முழு ஊரும் எழுந்தது. "தபால் நிலையத்துக்குக் கதவு திறக்கணும், இல்லன்னா வாலு உள்ள விரலை விட்டுக் கிழிக்கிறா," என்று அக்கா எழுதினார். கையெழுத்துப் போட்டார். சார் மனம் குளிர்ந்து, இந்த முறை கடைசிப் பக்கத்தில் 'வீட்டில் செய்து பார்த்தவர்கள்' என்று தாய், மகள் பெயர்களைப் போடச் சொன்னார்.

அதன் பிறகுதான் அச்சகத்திலிருந்து சொன்னார்கள், பதினாறு பக்கம் அதிகமாக இருக்கிறது என்று. பதினாறு பதினாறாகத்தான் அச்சாகும். அந்தப் பதினாறையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதத்துக்குத் தள்ள வேண்டும். "எதையாவது எடும்மா," என்று சார் அவளிடம் விட்டுவிட்டார்.

எடுக்க வேண்டியது கதைகளைத்தான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் எழுதியவற்றில் அவளுக்கே பிடித்துப்போனவை அந்தக் கதைகள். தபால் நிலையக் கதையை ஒருமுறை அம்மாவுக்குக்கூடப் படித்துக் காட்டியிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க அளவுகோலை வைத்துக்கொண்டு வேறு வழி தேடினாள். கடைசியில் கிடைத்தது. பேருந்து முன்பக்கத்தின் மேல்பாதியில் இருக்கட்டும், தபால் நிலையம் பின்பக்கத்தின் கீழ்பாதியில் இருக்கட்டும். ஒன்றின் மேல் ஒன்று விழாது. வெள்ளை முதுகுகள் எல்லாம் நிரம்பின, கதைகள் தப்பித்தன. அளந்து பார்த்தாள், மில்லிமீட்டர் பிசகவில்லை.

பக்கம் மாறினால் மறுபடி செய்து பார்க்க வேண்டும் என்பது விதி. சாயங்காலம் கீழே இறங்கிப் போனாள்.

"வாலுக்குக் காய்ச்சல் டீச்சர். நெருப்பா கொதிக்குது. எதுவா இருந்தாலும் திங்கட்கிழமை பாக்கலாமா?"

"பரவாயில்ல அக்கா. முதல்ல அவளைப் பாருங்க."

அச்சகத்துக்குச் சனிக்கிழமை காலையில் கொடுத்தாக வேண்டும். அவள் மாடிக்கு வந்தாள். பழைய கட்டிலிருந்து அக்காவின் தாளை, பின்னை நகத்தால் நெம்பி எடுத்தாள். புதிய கட்டின் மேல் வைத்து ஸ்டேப்ளரை அழுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம். கையெழுத்து அக்காவுடையதுதான், பொய்க் கையெழுத்து இல்லை. பக்கங்கள் மட்டும் அக்கா பார்த்தவை இல்லை. திங்கட்கிழமை எப்படியும் செய்து பார்த்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமை வந்தது, போனது. அச்சாகிக்கொண்டிருக்கிற புத்தகத்தைச் செய்து பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

புத்தகம் வந்த நாளில் வாலு கடையில் நின்றுகொண்டு, நகல் எடுக்க வந்தவர்களையெல்லாம் கடைசிப் பக்கத்தைப் படிக்க வைத்தாள். "இது எங்கம்மா பேரு. கீழ இருக்கிறது நானு." வாடகை ஒப்பந்தம் நகல் எடுக்க வந்த ஒரு பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிப் படித்துவிட்டு, "அடேங்கப்பா!" என்று அவளுக்குக் கை கொடுத்தார். ஐந்து வயது அன்றைக்கு ஐம்பது வயதுபோல நடந்தது. மறுநாளே புத்தகத்தைப் பள்ளிக்கு எடுத்துப்போனாள்.

நாலைந்து வயதுக் கையில் கத்தரிக்கோல் கோட்டின் மேல் போகாது. முதலில் தாளைக் கீழ் ஓரத்திலிருந்து உள்ளே பிளந்துகொண்டு போகும். அப்புறம்தான் பேருந்தைத் தேடும். பிள்ளையை வைத்து ஒரே ஒரு தாளை வெட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வகுப்பில் எல்லோருக்கும் ஒரு பிரதி வாங்கினார்கள்; பதினெட்டுப் பிள்ளைகள் பேருந்தை வெட்டினார்கள். பதினெட்டுத் தபால் நிலையமும் இரண்டு துண்டாயிற்று. "உங்கம்மா பாத்துட்டாங்கன்னு சொன்னியே," என்று ஒரு பையன் கேட்டானாம். அதே வாரத்தில் அலுவலகத்துத் தொலைபேசியும் அடிக்கத் தொடங்கியது. ஒரு தகப்பன், துண்டாகிப்போன அட்டைப் பள்ளிக்கூடத்துக்காகத் தன் மகள் ஒரு மணி நேரம் அழுததாகச் சொன்னார். ஒரு தாய், "இதை யாராவது ஒரு தடவையாவது பண்ணிப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

சார் அக்காவை மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் அந்தக் கட்டு இருந்தது. மேல் தாளைத் திருப்பிக் காட்டினார்.

"கையெழுத்து உங்களோடதுதானே?"

அக்கா மை படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். கோடு, இரண்டு புள்ளி. "என்னோடதுதான் சார்."

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாக்குற ஆளாச்சே நீங்க. இதை எப்படிங்க விட்டீங்க?"

அவள் அலமாரிப் பக்கம் நின்றிருந்தாள். கையில் ஒரு பென்சில். ஒரே ஒரு வாக்கியம் போதும். இரண்டு மொழி தெரிந்தவளுக்கு ஒன்றிலும் அது வரவில்லை. அலமாரிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். செய்து பார்க்கும் நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் அதே அமைதியான முகம்.

"எப்படி விட்டேன்னு தெரியல சார்," என்றார் அக்கா. "பாத்த மாதிரிதான் இருக்கு. ஆனா கையெழுத்து இருக்கே."

படியில் இறங்கும்போது அக்கா நின்று திரும்பினார். "உங்க பேரைக் கெடுத்துட்டேன் டீச்சர். ஒரு நாளைக்கு நூறு பேருகிட்ட கேக்குறேன், ஒரு பக்கமா ரெண்டு பக்கமான்னு. உங்ககிட்ட கேக்காம விட்டுட்டேன் பாருங்க. முதல் நாளே குதிரைக்குத் தலை போயிடும்னு சொன்னீங்க. மன்னிச்சுக்கோங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அக்கா," என்றாள் அவள். அவள் பேசியதே அவ்வளவுதான். பிறகு எத்தனையோ முறை அந்தப் பதிலை நினைத்துப் பார்த்து, பேசாமல் இருந்ததைவிட அதுதான் கேவலம் என்று நினைத்தாள்.

அதன் பிறகு செய்து பார்க்கும் வேலை, ஊரின் மறுமுனையில் இருந்த ஒரு மழலையர் பள்ளிக்குப் போனது. அக்கா ஏன் என்று கேட்கவில்லை. அவளோ தாள்களைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி வேறு கடைக்கு நகல் எடுக்கப் போனாள். அந்தக் கடைக்காரர் எதுவுமே கேட்காமல் இரண்டு பக்கமும் அடித்துக் கொடுத்தார்.

ஆனால் ஒரு நாள் மழை. குடை இல்லை. அக்கா கடை வாசலில் ஒதுங்க வேண்டியதாயிற்று. உள்ளே யாரோ சான்றிதழ் நகல் எடுக்க வந்திருந்தார்கள். அக்கா தாளை எடுத்துக் கொடுக்கப் போனார். மேஜைக்கு அடியிலிருந்து வாலுவின் குரல் வந்தது.

"அம்மா, பின்பக்கம் பாத்தியா?"

"பாத்தேன்டி."

"நல்லா பாத்தியா? காட்டு."

அக்கா தாளைத் திருப்பி மேஜைக்கு அடியில் காட்டினார். வந்தவர் சிரித்தார். "பெரிய அதிகாரி போலிருக்கே!"

"ஆமாங்க, மேலதிகாரி," என்று அக்காவும் சிரித்தார். அடுத்து ஒருவருக்குத் தாள் கொடுத்தார். மறுபடி, "அம்மா, பின்பக்கம்?" இந்த முறை அக்கா சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிக் காட்டிவிட்டு, கொடுத்த பிறகும் ஒருமுறை கையை நீட்டி அதை வாங்கித் தானே திருப்பிப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நம்புகிற முகம் மட்டும் அங்கே இல்லை.

வாலு வெளியே வந்து அவளைப் பார்த்துவிட்டாள். "டீச்சர்! எங்கம்மா மறந்து மறந்து போறாங்க. நான்தான் பாத்துக்கிறேன்," என்று பெருமையாகச் சொன்னாள். வாலுவின் கையில் அந்தக் கறுப்பு வெள்ளைப் புத்தகம் இருந்தது. முன்பு அதன் முதுகுகள் வெள்ளையாக இருந்தன. இப்போது ஒவ்வொரு முதுகிலும் பென்சிலால் ஒரு சரி போட்டிருந்தது.

மழை விடுவதற்கு முன்பே அவள் நனைந்துகொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சாரிடம் சொன்னாள். பின்னை நெம்பியது, மாற்றிக் குத்தியது, கதைகளை விட மனமில்லாதது எல்லாம். சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அவளைப் பார்த்தார், மறுபடி ஏற்றிக்கொண்டார். "நீயா? ம்... நடந்தது நடந்துபோச்சும்மா. அடுத்த பதிப்புல முதுகை வெள்ளையாக்கிடலாம், கதையை எடுத்துடலாம். அந்த அம்மாகிட்ட போய் இதையெல்லாம் கிளற வேணாம். மறந்திருப்பாங்க." திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். திட்டியிருந்தால் அத்தோடு முடிந்ததாக வைத்துக்கொண்டிருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அவள் நேராகப் படியிறங்கினாள். மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். வாலு பள்ளியில் இருக்கும் நேரம். அக்கா யாருடைய ஆய்வேட்டுக்கோ ஸ்பைரல் சுருளை ஓட்டை ஓட்டையாகச் செலுத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். எத்தனை நாளாச்சு! ஒரு பக்கமா, ரெண்டு..."

"நகல் எடுக்க வரல அக்கா."

நின்றபடியே சொன்னாள். "அந்தக் கையெழுத்து பழைய கட்டோடது. ரெண்டாவது கட்டை நீங்க பாக்கவே இல்ல. நான் காட்டவே இல்ல. வாலுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே, அன்னிக்கு. உங்க தாளை எடுத்து அதுல மாத்திக் குத்தினது நான்தான்."

சுருள் பாதியில் நின்றது. ஒரு மாணவன் வந்து அடையாள அட்டையை நீட்டினான். அக்கா அவனைப் பார்க்காமலே வாங்கி, "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" என்று கேட்டார், குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. நகல் எடுத்தார், திருப்பிப் பார்த்தார், கொடுத்தார். அவன் போனதும் கேட்டார்.

"அன்னிக்கு சார் கேட்டப்ப நீங்க அங்கதான நின்னீங்க?"

"நின்னேன்."

"படியில நான் மன்னிப்பு கேட்டேனே, அப்பவும் தெரியும்."

"தெரியும்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் இன்னும் சுருள் முனை. "எத்தனை நாள் யோசிச்சேன் தெரியுமா? எப்ப பாத்தேன், எப்படி விட்டேன்னு. சமைக்கும்போது யோசிப்பேன், இங்க நிக்கும்போது யோசிப்பேன். என் புத்திக்கு என்னமோ ஆயிடுச்சுன்னே நினைச்சேன். கடையைப் பூட்டிட்டு மூணு தடவை திரும்பி வந்து பாக்குறேன் டீச்சர், இப்பல்லாம்."

அவளுக்குச் சொல்வதற்கு இருந்ததெல்லாம் சின்னதாகத் தெரிந்தது.

"சார்கிட்டயும் சொல்லிட்டேன் அக்கா," என்றாள் கடைசியில். "அடுத்த பதிப்புல சரி பண்ணிடுவாங்க. உங்களை மறுபடி கூப்பிடச் சொல்லி நானே..."

"சாரை விடுங்க. சார் என்ன நான் பெத்த பொண்ணா?"

அக்கா எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் துணியால் ஒரு துடை துடைத்து மேஜைக்கு முன்னால் இழுத்துப் போட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கோபமாகச் சொல்லவில்லை, வழக்கமாகத் தாளைப் படித்துவிட்டு அடுத்த வரி எது என்று கேட்கிற அதே குரலில்தான் சொன்னார்.

"இன்னும் இருபது நிமிஷத்துல வாலுவோட ஸ்கூல் வேன் வந்துடும். இதுல உக்காருங்க. அவகிட்ட நீங்களே சொல்லுங்க, அம்மா பாக்காம விடலன்னு. நான் சொன்னா எடுபடாது, மறந்துட்டேன்னு அவகிட்ட ஒத்துக்கிட்டவளே நான்தானே. 'பொருந்துமாறு'ல்லாம் வேணாம், அஞ்சு வயசுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. நிறைய கேள்வி கேப்பா. எல்லாத்துக்கும் பதில் சொல்லுங்க. நான் அந்தச் சுவரோரம் உக்காந்திருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்."